சார்பிலா நிகழ்வுகள்

ஆர்லின் ட்வெட்டனை நான் பார்த்ததில்லை.
பெயருக்குப் பக்கத்தில் முகம் இருக்க வேண்டிய வட்டத்தில்
ஆரஞ்சு நிற இரும்புத் தகடு,
அதன் விளிம்பில் பாதி உருகிய பனி.
வடக்கு டகோட்டாவில், மாவட்டச் சாலைகளில்,
பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறார்.
வயது நாற்பத்தேழு. புள்ளியியல் அறிமுகம், மூன்று கிரெடிட்.
ஏன் சேர்ந்தீர்கள் என்ற கட்டத்தில்
'மேற்பார்வையாளர் வேலைக்குப் பட்டம் கேட்கிறார்கள்'
என்று எழுதி ஒரு காற்புள்ளி போட்டிருந்தார்.
காற்புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

மற்றபடி எனக்குத் தெரிந்தது அவர் வந்துபோகும் நேரங்கள்.
உள்நுழைவு, அதிகாலை 3.40.
துண்டிப்பு, 3.41.
உள்நுழைவு, 3.52.
பெட்ரோல் பங்க் வாசலில்தான் சிக்னல் கிடைக்கிறதாம்,
அங்கேயும் லாரி ஏதாவது மறித்து நின்றால் போயிற்று.
பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு
வண்டி ஓட்டும்போது கேட்கிறார்.
ஒருமுறை எழுதினார்:
'ஆறாம் பாடம், பதினான்காம் நிமிடத்தில்
ஒரு நாய் குரைக்கிறது. பெயர் என்ன?'

பிஸ்கட், என்று பதில் போட்டேன்.
அது செத்து இரண்டு வருடம் ஆகிறது என்பதைப் போடவில்லை.
பதிவு பழையது. ஒவ்வொரு பருவமும்
திட்டவிலக்கம் ஆரம்பிக்கிற இடத்தில்
தவறாமல் குரைக்கிறது.

என் அறை நூலகத்தின் அடித்தளத்தில்,
கொதிகலனுக்கு அடுத்த கதவு.
தொலைநிலைக் கல்வி என்று எழுதியிருக்கும்.
வளாகத்துப் பிள்ளைகள் கழிப்பறை தேடி
எப்போதாவது தலையை நீட்டுவார்கள்.
தொலைநிலை,
தொலைந்த நிலை அல்ல
என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்,
பிப்ரவரியில் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகும்போது.

இரண்டாம் தேர்வு, ஏழாம் வினா:
சாலை ஐந்து பனியால் மூடப்படும் நிகழ்தகவு 0.2,
சாலை பத்தொன்பது மூடப்படும் நிகழ்தகவு 0.3,
ஒருசேர இரண்டும் மூடப்படுவதற்கு?
விடைத்தாளில் 0.06.
அறுபத்து மூன்று பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் பெருக்கியிருந்தார்கள்.
ட்வெட்டன் 0.2 என்று எழுதியிருந்தார்.
நான்கு மதிப்பெண்ணைக் கழித்து, வழக்கமான குறிப்பு:
'சார்பிலா நிகழ்வுகள். பெருக்கவும்.'

பதில் 3.44க்கு வந்தது.
'அம்மா, பத்தொன்பது பள்ளத்தில் போகிற சாலை. ஐந்து மேட்டில்.
ஐந்து மூடியிருக்கிறது என்றால்
பத்தொன்பது அதற்கு முன்னாலேயே மூடியிருக்கும்.
புயல் ஒன்றுதானே. இரண்டு சாலைக்கு இரண்டு புயல் வராது.
மதிப்பெண்ணுக்காக எழுதவில்லை.'

சிரித்தேன். பிறகு வினாவைத் திரும்பப் படித்தேன்.
சார்பற்றவை என்ற சொல் அதில் இல்லை.
பதினொரு வருடமாக இல்லை.
யாரோ தட்டச்சில் விட்டதை
நாங்கள் எல்லோரும் மனதுக்குள் நிரப்பிக்கொண்டு
பெருக்கிக்கொண்டே வந்திருக்கிறோம்.
கொதிகலன் ஒருமுறை இருமி அடங்கியது.

நான்கைத் திருப்பிக் கொடுத்தேன்.
துறைக்கு எழுதினேன். நன்றி, ஒரு சொல்லைச் சேர்த்துவிடலாம் என்றார்கள்.
அதற்குள் மார்ச் பிறந்து,
அவர் பெயர் சாம்பலாகியிருந்தது.
விலகல், காரணம்: பணி.
நான் அதைப் பனி என்று படித்தேன்.
இரண்டும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

கோடை முழுக்க வேறு பெயர்கள்.
நீர்மூழ்கியில் வேலை செய்கிற ஒருத்தி,
பன்றிப் பண்ணைக் கணக்கர், சிறையிலிருந்து ஒருவர்,
அவருக்கு மட்டும் தாளில் அச்சடித்துத் தபாலில்.

ஜனவரியில் பட்டியலைத் திறந்தால்
அதே ஆரஞ்சுத் தகடு.
ஏன் சேர்ந்தீர்கள் என்ற கட்டம் இம்முறை காலி.
ஏழாம் வினாவில் இப்போது ஒரு வரி கூடுதல்:
இரண்டும் சார்பற்றவை எனக் கொள்க.
0.06 என்று எழுதியிருந்தார். சரி.
அதற்குக் கீழே, இடம் போதாமல் சாய்வாக:

'கொள்ளச் சொன்னதால் கொண்டேன்.
நேற்று இரண்டும் மூடியிருந்தன.'